செம்பேன், முரணை, மல்லிகைச் சிலந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித்தோட்டத்தில் பத்துப் பை வைத்திருப்பவர்களும், அரை ஏக்கரில் கத்தரி, மிளகாய், வெண்டை, குண்டுமல்லி வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. தலைப்பில் உள்ள மூன்றும் செடிச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திகள் (மைட்). மார்ச் முதல் ஜூன் வரை வருகிற கேள்விகளில் பாதி செம்பேன் பற்றியது என்பதால் அதற்கே அதிக இடம்.

கத்தரி இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள். இது செம்பேன்தானா?

பெரும்பாலும் ஆம். உறுதி செய்ய ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, சந்தேகமான இலையை அதன்மேல் நான்கைந்து முறை தட்டுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். உதிர்ந்த தூசியில் சில புள்ளிகள் நகர ஆரம்பிக்கும். விரலால் தேய்த்தால் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ கோடு விழும். அதுதான்.

நகை பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் இலையைத் திருப்பி நடுநரம்பை ஒட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உருண்டை உடல், எட்டுக் கால். பெயர் செம்பேன் என்றாலும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளிர்பச்சை உடலில் இரண்டு பக்கமும் கருந்திட்டு உள்ளதும் அதே கூட்டம்தான். பக்கத்தில் கண்ணாடி மணிபோல உருண்டையாக முட்டைகளும், தோலுரித்த வெள்ளைச் சக்கைகளும் கிடக்கும். இலைக்காம்பில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் கூட்டம் பெருத்து ரொம்ப நாளாகிவிட்டது என்று பொருள். அதற்குமுன், புள்ளி விழும் கட்டத்திலேயே பிடித்தால் வேலை கால்வாசி.

இமிடாகுளோப்ரிட் இரண்டு முறை அடித்தேன், குறையவே இல்லை. போலி மருந்தா?

மருந்து அசலாகவே இருக்கலாம். செம்பேன் பூச்சி இல்லை, சிலந்தி இனம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேலை செய்கிற இமிடாகுளோப்ரிட் இதைக் கொல்லாது. அதைவிட மோசம், அடித்த பிறகு செம்பேன் பெருகுவதும் உண்டு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டுகளும் இப்படித்தான். பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளை முதலில் அவை துடைத்துவிடும். பேனுக்கு எதிரி இல்லாமல் போகும். காய்ப்புழுவுக்கு என்று பைரித்ராய்டு அடித்த கத்தரியில் பத்து நாளில் செம்பேன் வெடிப்பது இதனால்தான்.

நம் பேச்சுவழக்கும் இதில் ஒரு குற்றவாளி. இலைப்பேன் என்றால் த்ரிப்ஸ், அது பூச்சி. செம்பேன் சிலந்தி. கடையில் போய் "பேன் விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் த்ரிப்ஸ் மருந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "சிலந்தி, மைட்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் இலையையே கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மிளகாய்க் கொழுந்து சுருண்டு நிற்கிறது. முரணையா, இலைப்பேனா, வைரஸா?

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, இலை தோணிபோல நின்றால் இலைப்பேன். இலையின் அடியில் வெள்ளி பூசியதுபோலப் பளபளப்பான கீறலும் இருக்கும். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணியாக, காம்பு மட்டும் வழக்கத்தைவிட நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. இதை மஞ்சள் சிலந்தி என்றும் சொல்வார்கள். கொழுந்து குறுகி, தடித்து, தொட்டால் முறுமுறுவென்று இருக்கும், மொட்டு உதிரும், காய் பிடித்தாலும் தோல் சொரசொரப்பாகிவிடும். வெறும் கண்ணுக்கு இது தெரியாது, 0.2 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் கண்ணாடித்துளி மாதிரி இருக்கும். 10 மடங்கு லென்ஸில் சிரமப்பட்டுத்தான் பார்க்கலாம், 20 மடங்கு நல்லது. முதிர்ந்த இலையில் தேடினால் கிடைக்காது. கொழுந்தின் கடைசி இரண்டு மூன்று இலைகளின் அடியில்தான் இருக்கும்.

வைரஸ் சுருட்டை என்றால் இலை சிறுத்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சளோடி, செடியே குட்டையாகக் கொத்துக்கொத்தாக நிற்கும். வெள்ளை ஈ பரப்புவது. இதற்கு மருந்து இல்லை, பிடுங்குவதுதான். குழப்பமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம்: ஒரே ஒரு செடிக்கு முரணை வைத்தியம் செய்து, இரண்டு வாரம் காத்திருங்கள். புதுத் தளிர் நேராக வந்தால் முரணை. வந்த தளிரும் சுருண்டே வந்தால் வைரஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சுருண்ட இலை எந்த மருந்துக்கும் விரியாது. "மருந்து அடித்தும் சுருட்டை சரியாகலை" என்று பலர் பார்ப்பது அந்தப் பழைய இலையைத்தான்.

மல்லிகை இலையில், தண்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. மாவுப்பூச்சிதானே?

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே பிசுபிசுப்பான உடல் இருக்கும். சுரண்டியும் போகாமல் கம்பளித்துணியின் மேற்பரப்பு மாதிரி இலையோடு சேர்ந்தே இருந்தால் அது மல்லிகைச் சிலந்தி. அந்த ரோமத்தைப் பின்னுவது சிலந்தி அல்ல. அது உறிஞ்சுவதால் இலையே அப்படி முடி வளர்க்கிறது. சிலந்தி அதற்குள் ஒளிந்திருக்கும். இளந்தண்டிலும் மொட்டிலும் படர்ந்தால் பூ அற்றுப்போகும்.

இதற்குக் கவாத்துதான் முதல் வைத்தியம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவது வழக்கம். வெட்டிய கொப்பை அதே பாத்தியில் போடாமல் அன்றே எரித்துவிட்டு, தளிர் வரும்போது நனையும் கந்தகம் (நீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) அடியுங்கள். வருடம் முழுக்கப் பாதிப்பு குறையும்.

ஒரே ஒரு செடியில்தான் இருந்தது. எப்படி எல்லாவற்றுக்கும் போனது?

காற்றில் நூல் விட்டுப் பறக்கும். உங்கள் சட்டைக் கையில் ஒட்டிப் போகும். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு சவாரியே செய்யும். நர்சரிச் செடிதான் பெரும்பாலும் முதல் வாசல். புதுச் செடியைப் பத்துப் பதினைந்து நாள் தனியாக வைத்து, லென்ஸில் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றுவது, களையெடுப்பது எல்லாவற்றிலும் பேன் பிடித்த செடியைக் கடைசியாகத் தொடுங்கள். வேலியோரத்து ஆமணக்கு, பக்கத்து மரவள்ளி, பப்பாளி மூன்றும் செம்பேனுக்குப் பிடித்த வீடுகள், அங்கேயும் ஒரு கண் இருக்கட்டும். மண்சாலையை ஒட்டிய வரிசையில் தூசி படிந்த இலைகளில்தான் பெரும்பாலும் முதலில் தொடங்கும். யூரியாவை அள்ளிப் போட்டுத் தளதளவென்று வளர்த்த செடியும், தண்ணீர் காட்டாமல் வாடவிட்ட செடியும் அடுத்த இலக்கு.

மருந்தே இல்லாமல் தண்ணீரை வைத்துச் சமாளிக்க முடியுமா?

செம்பேன் என்றால், பத்து இருபது பை அளவில், முடியும். முரணைக்கு முடியாது, அது கொழுந்து மடிப்புக்குள் இருக்கும், தண்ணீர் எட்டாது.

முதலில் அதிகம் கெட்ட அடியிலைகளைக் கிள்ளி, அங்கேயே கவருக்குள் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள். மட்கு உரக்குழியில் போடாதீர்கள். பிறகு ஹோஸ் முனையைப் பெருவிரலால் அழுத்தியோ, வேகமாகப் பீய்ச்சும் குழல் மாட்டியோ, கீழிருந்து மேலாக இலையின் அடியில் அடியுங்கள். இன்னொரு கை இலைக்குப் பின்னால் தாங்கலாக இருந்தால் கொப்பு ஒடியாது. வலை கிழிந்து கரைந்து போகும்வரை அடிக்க வேண்டும், ஒரு செடிக்கு ஒரு நிமிடமாவது ஆகும். காலை எட்டு மணிக்குள் முடித்தால் இலை பகலில் காய்ந்துவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு தடவை. மேலிருந்து பூவாளியில் ஊற்றுவது இதில் சேராது. பேன் இருப்பது அடிப்பக்கத்தில்.

வேப்பெண்ணெய் எப்படிக் கலப்பது? எனக்கு இலை கருகிவிட்டது.

கருகியதற்கு அநேகமாக எண்ணெய் கரையாததுதான் காரணம். ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 3 கிராம் காதி சோப்புச் சீவல். சோப்பைக் கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரில் முழுதாகக் கரையுங்கள். அதில் எண்ணெயை ஊற்றி, மூடிபோட்ட பாட்டிலில் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால்தான் சரி. பிறகு மீதி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அடிக்காதீர்கள், அந்தப் படலம்தான் கடைசி நாலு செடியின் இலையில் போய் அப்பிக் கருக்குவது.

போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தயிர்மாதிரி ஆகிவிடும், எண்ணெயும் பிரியும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ எடுங்கள். துணி சோப்புத் தூள் வேண்டாம், இலையைத் தீய்க்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. முதல்முறை என்றால் இரண்டு இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகவும். நேரம் மாலை நாலரைக்கு மேல். வாடிய செடிக்கு முதலில் தண்ணீர், மறுநாள்தான் எண்ணெய்.

எண்ணெயும் சோப்பும் பேனை நனைத்து மூச்சடைக்கவைத்துத்தான் கொல்கின்றன. படாத பேன் சாகாது. ஆகவே இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். நன்கு வளர்ந்த கத்தரிச் செடி ஒன்றுக்குக் கால் லிட்டர் செலவாகும். ஒரு லிட்டரில் இருபது பைக்கு அடித்தேன் என்று யாராவது சொன்னால், மேல் இலையில் தூவிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் எண்ணெயைவிட நல்லதா?

வயலுக்குச் செலவு குறைவு, இலை கருகும் பயமும் குறைவு. 5 சதவீதக் கரைசலுக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. வீட்டுக்கு என்றால் ஒரு லிட்டருக்கு 50 கிராம். கொட்டை பறித்து மூன்று மாதம் ஆனதாகவும், எட்டுப் பத்து மாதம் தாண்டாததாகவும் இருக்கட்டும். இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். கரைசல் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் கொட்டை பழசு அல்லது பூஞ்சணம் பிடித்தது. கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே மாலையில் அடித்துவிடுங்கள். கரைசலில் சக்கை இருந்தால் நாசில் அடைக்கும், இரண்டு முறை வடிகட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், புளித்த மோர்?

அடித்தால் தப்பில்லை. கூட்டம் பெருத்த பிறகு அதை மட்டும் நம்பினால் செடி போய்விடும்.

ஒருமுறை சுத்தமாகப் போனது, ஒரு வாரத்தில் திரும்பவும் வந்துவிட்டதே?

போகவில்லை, முட்டை இருந்தது. சித்திரை வெயிலில், 30 டிகிரி சுற்றி, செம்பேன் முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். முட்டையிலிருந்து முட்டையிடும் பேன் ஆவதற்கு ஏழு முதல் பத்து நாள். ஒரு பெண் பேன் தன் ஆயுளில் நூறு முட்டைக்குமேல் இடும். ஆண் சேராத முட்டையும் வீணாகாது, அது ஆணாகப் பொரியும். எனவே ஒரே ஒரு பெண் மிச்சம் இருந்தாலும் குடும்பம் தொடங்கிவிடும்.

எண்ணெய், சோப்பு வகை முட்டையை அரைகுறையாகத்தான் தொடும். ஆகவே நாள்கணக்கு இப்படி: முதல் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள். இரண்டாவது அடி புதிதாகப் பொரித்தவற்றுக்கு, அவை முட்டையிடும் வயதை எட்டும் முன்னால். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதுத் தலைமுறையை முதலிலிருந்து எதிர்கொள்கிறார்கள். முரணையின் சுற்று இன்னும் சின்னது, நான்கு முதல் ஆறு நாளில் ஒரு தலைமுறை. அதற்கு ஐந்து நாளைத் தாண்டவிடாதீர்கள்.

கந்தகம் எப்போது, எவ்வளவு?

முரணைக்கும் மல்லிகைச் சிலந்திக்கும் நல்ல மருந்து, விலையும் குறைவு. செம்பேனுக்குச் சுமார்தான். நனையும் கந்தகம் 80 டபிள்யூ.பி. (80 சதவீதத் தூள்) லிட்டருக்கு 3 கிராம். முதலில் சிறு பாத்திரத்தில் குழைத்துப் பிறகு டேங்கில் ஊற்றுங்கள், அடியில் தங்கும் என்பதால் இடையிடையே ஆட்டிவிட வேண்டும். 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் இலையைக் கருக்கும், அதனால் சித்திரை, வைகாசியில் இதைத் தொட வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்த செடியில் கந்தகமோ, கந்தகம் அடித்ததில் எண்ணெயோ குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான். இரண்டும் சேர்ந்தால் இலை கொட்டும். வெள்ளரி, பூசணி, பாகல் குடும்பத்துக்குக் கந்தகமே ஆகாது.

ரசாயனம் தவிர வழியில்லை என்றால் என்ன வாங்குவது? பழைய கையேட்டில் டைகோஃபால் என்று போட்டிருக்கிறது.

அந்த வரியை அடித்துவிடுங்கள். டைகோஃபால் 2023-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய இருப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்கு 2005-லேயே தடை.

இப்போது நடைமுறையில் உள்ளவற்றில் முக்கியமானவை (பெயருக்குப் பின்னுள்ள எண் மருந்தின் சதவீதம்; எஸ்.சி., இ.சி. என்பவை நீரில் கலக்கும் திரவ வகைகள்): ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்.சி., 10 லிட்டர் டேங்குக்கு 8 மி.லி., ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 160 மி.லி. முட்டையையும் குஞ்சையும் தாக்கும். வளர்ந்த பேன் உடனே சாகாது என்பதால் மூன்றாம் நாள் பார்த்துவிட்டு "வேலை செய்யலை" என்று அடுத்ததை அடிக்காதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். புரோபர்கைட் 57 இ.சி., டேங்குக்கு 20 முதல் 25 மி.லி.; வளர்ந்தவற்றையும் குஞ்சையும் கொல்லும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஃபென்பைராக்ஸிமேட் 5 இ.சி., டேங்குக்கு 10 மி.லி., மிளகாய் முரணைக்கு, சீக்கிரம் விழவைக்கும். ஹெக்ஸிதயசாக்ஸ் முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டும், வளர்ந்த பேனைக் கொல்லாது. ஆனால் மருந்து பட்ட பெண் இடும் முட்டை பொரிக்காது.

எந்த டப்பாவானாலும் உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். கையுறை, முகமூடி, முழுக்கை. காற்றுக்கு எதிர்த்து நின்று அடிக்கக் கூடாது. நாசில் கூம்பு வடிவில் தூவும் வகை, முனையை மேல்நோக்கித் திருப்பிக் கீழிருந்து. மாடியில் பத்துப் பைக்கு இவை எதுவும் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

போன வருடம் நன்றாகக் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்கவில்லை.

தலைமுறை பத்து நாள் என்றால் ஒரு கோடையில் பத்துத் தலைமுறை. ஒரே மருந்தில் பிழைத்தவையே பெருகும். மாற்றும்போது பிராண்டை மாற்றினால் போதாது, வேலை செய்யும் விதம் மாற வேண்டும். ஃபென்பைராக்ஸிமேட்டுக்குப் பிறகு ஃபெனசாக்வின் அடிப்பது மாற்றமே இல்லை, இரண்டும் ஒரே வகை. ஃபென்பைராக்ஸிமேட்டுக்கு அடுத்து ஸ்பைரோமெசிஃபென், அதற்கு அடுத்து புரோபர்கைட் என்று போனால் மூன்றும் வேறு வேறு. ஒரு பருவத்தில் ஒரு வகையை இரண்டு தடவைக்கு மேல் எடுக்காதீர்கள்.

வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். எப்போது அடிப்பது?

பறித்த அன்று மாலையில். ஸ்பைரோமெசிஃபென் என்றால் வெண்டைக்கு 3 நாள், கத்தரிக்கு 5, மிளகாய்க்கு 7 நாள் காத்திருக்க வேண்டும். இடையில் முற்றும் வெண்டைக்காயைப் பறித்துக் கீழே தள்ளிவிடுவதுதான் வழி, சந்தைக்கு ஏற்றக் கூடாது. அந்த ஒரு பறிப்பு நஷ்டத்துக்கு மனம் வராதவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிற்பது நல்லது.

இலையில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு வண்டு ஓடுகிறது. அதுவும் பூச்சிதானே, கொல்லவா?

கொல்லாதீர்கள். பளபளக்கும் கறுப்புப் பொறிவண்டு, அதன் புழு இரண்டுமே செம்பேனைத் தின்பவை. பேன் கூட்டத்துக்குள் அதைவிட வேகமாக, பேரிக்காய் வடிவில், திட்டு இல்லாமல் ஓடுவது இரைதின்னும் சிலந்தி. அதுவும் நம் ஆள். ஒரு கூட்டத்தில் இவை தெரிந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு ஒரு வாரம் கவனியுங்கள்.

தென்னங்குரும்பையில் முக்கோணமாகப் பழுப்புத் திட்டு. இதே பேனா?

மல்லிகைச் சிலந்தியின் உறவு. 1998 வாக்கில் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் தெரியவந்து தமிழகத்துக்கும் பரவியது. குரும்பையின் காம்புப் பக்க மூடி இதழ்களுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மேலே சொன்ன முறைகள் அப்படியே பொருந்தாது.

எப்போது செடியைப் பிடுங்கிவிடுவது?

பாதிக்குமேல் இலை வெண்கல நிறமாகி, உச்சிவரை வலை கட்டியிருந்தால், காய்ப்பும் முடியும் தறுவாயில் இருந்தால், பிடுங்குவது லாபம். பக்கத்துச் செடிகளைக் காப்பாற்றுகிறீர்கள். பிடுங்கும் முன் முழுச் செடிக்கும் கவரைக் கவிழ்த்துக் கட்டுங்கள். அப்படியே உலுக்கி இழுத்தால் பேன் அத்தனையும் அடுத்த பைக்கு உதிரும். இளஞ்செடியானால் தண்டை அரைக்குமேல் வெட்டிவிட்டு, மீதியை நனைத்து அடித்தால் தளிர்க்கும்.

அந்தப் பையும் மண்ணும் மறுபடி ஆகுமா?

ஆகும். மண்ணைக் கொட்டி, சருகு பொறுக்கி, ஒரு வாரம் வெயிலில் பரப்பிவிடுங்கள். பலர் மறப்பது ஊன்றுகோலையும் கட்டிய சணலையும். மூங்கில் கணுவின் வெடிப்பிலும் சணல் முடிச்சிலும் பேன் தங்கியிருக்கும். சணலை எரித்துவிட்டு, கோலைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காயவைத்த பிறகே புது நாற்றுக்கு ஊன்றுங்கள்.